விட்டதைப் பிடிக்கும் கணக்குகள்: மார்ட்டிங்கேல் முதல் பரோலி வரை

நண்பர் ஒருவர் கோவா போய்வந்தார். மாண்டவி ஆற்றில் நிற்கும் காசினோ கப்பல் ஒன்றில் பாதி ராத்திரி வரை ரூலட் மேசையை (சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில், எந்த நிறத்தில் விழும் என்று பணம் வைக்கும் ஆட்டம்) விட்டு நகரவில்லையாம். சின்னச் சின்னதாக ஆடித் தோற்றதோடு, விழுந்த எண்களையெல்லாம் ஒரு பாக்கெட் நோட்டில் குறித்துக்கொண்டும் வந்திருக்கிறார். "மார்ட்டிங்கேல் முறையில ஆடியிருந்தா ஜெயிச்சிருப்பேன்" என்பது அவர் கட்சி. சரி, பார்த்துவிடுவோம் என்று நோட்டின் முதல் பக்கத்திலிருந்து பத்துச் சுற்றுகளை எடுத்தேன்.

எப்போதும் சிவப்பில் (விழுந்தால் வைத்த அளவே லாபம், இல்லையென்றால் வைத்தது போச்சு) 100 ரூபாயில் தொடங்குவதாகக் கொண்டால் வரிசை இது: தோல்வி, வெற்றி, தோல்வி, தோல்வி, தோல்வி, வெற்றி, வெற்றி, தோல்வி, வெற்றி, வெற்றி. ஐந்துக்கு ஐந்து. எந்த முறையும் இல்லாமல் சுற்றுக்கு நூறு ரூபாயாக வைத்தவருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

மார்ட்டிங்கேலில் தோற்றால் இரட்டிப்பு, ஜெயித்தால் மறுபடி 100. "விட்டதைப் பிடிக்கிறேன்" என்று சீட்டாட்டத்தில் சொல்வோமே, அதற்கு ஒரு வாய்பாடு போட்டால் இதுதான். நண்பரின் பத்துச் சுற்றில் இது 500 ரூபாய் லாபம் தருகிறது. அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஆறாவது சுற்றைப் பாருங்கள். அதற்குள் 600 ரூபாய் போயிருக்கிறது. அடுத்து 800 வைக்க வேண்டும். ஆக, ஒரு நூறு ரூபாய் லாபத்துக்காகக் கையில் 1,400 வேண்டும்.

டி'அலம்பர்ட் முறை இதைவிட நிதானமானது. தோற்றால் ஒரு நூறு கூட்டு, ஜெயித்தால் ஒரு நூறு குறை. அதே பத்துச் சுற்றில் இதுவும் 500 லாபம். வைத்ததில் பெரிய தொகை 400தான். நானே இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், இரண்டு முறைகளிலும் மேசையில் வைத்த மொத்தப் பணமும் ஒன்றே: 2,300 ரூபாய். பேர் கொடுத்த பிரெஞ்சு அறிஞரும் லேசுப்பட்டவர் அல்ல. ஆனால் நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று 1754-இல் எழுதியவர் அவர். சரியான விடை நான்கில் மூன்று.

ஃபிபனாச்சி (1, 1, 2, 3, 5, 8 என்று ஏறி, ஜெயித்தால் இரண்டு படி இறங்குவது) 100 ரூபாய் லாபத்தோடு நிற்கிறது. பரோலி இதற்கெல்லாம் நேர் எதிர். ஜெயிக்கும்போது இரட்டிப்பு, மூன்று தொடர் வெற்றி வந்தால் எடுத்து வைத்துக்கொள்வது. நம் வரிசையில் மூன்று வெற்றி சேர்ந்து வரவே இல்லை, அதனால் 200 நட்டம். ஆனாலும் மற்றவர் பணத்தில் ஆடுகிற மாதிரி ஒரு சுகம் இதில் உண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்தது லபூஷேர். ஆங்கிலேய அரசியல்வாதி ஹென்றி லபூஷேரின் பேரில் வழங்குவது. தாளில் 1, 2, 3, 4 என்று எழுதிக்கொள்ள வேண்டும். இரு முனைகளையும் கூட்டினால் 5, அதாவது 500 ரூபாய் பந்தயம். ஜெயித்தால் முனை எண்கள் இரண்டையும் அடிக்கலாம். தோற்றால் வைத்த எண்ணைக் கடைசியில் சேர்க்க வேண்டும். எல்லாம் அடிபட்டுப் போனால் ஆயிரம் ரூபாய் லாபம். நம் பத்தாவது சுற்றில் மிச்சமிருந்த ஒரே எண் 6. அதுவும் அடிபட்டு, சொன்னபடி 1,000 வந்தது. ஆனால் ஐந்தாவது சுற்று முடிந்தபோது 2,300 பள்ளத்தில் இருந்தோம், மேசையில் வைத்த மொத்தம் 8,800. பென்சிலும் தாளுமாக உட்கார்ந்திருப்பதால் ஏதோ வேலை பார்ப்பது போன்ற நினைப்பு வந்துவிடும், இதன் ஆபத்தே அங்குதான்.

இப்போது அதே முறைகளைப் பத்துத் தொடர் தோல்வியில் ஓட்டிப் பார்த்தேன். சும்மா நூறு நூறாக வைத்தவரும் பரோலிக்காரரும் 1,000 இழப்பார்கள். டி'அலம்பர்ட் 5,500, லபூஷேர் 9,500, ஃபிபனாச்சி 14,300. மார்ட்டிங்கேல்? 1,02,300. இப்படி நடக்குமா என்றால், 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோவில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. இனி சிவப்புதான் என்று அடுக்கியவர்கள் ஏராளமாக இழந்தார்கள். நூறு ரூபாயில் தொடங்கி இரட்டித்திருந்தால் 26-ஆவது சுற்று முடிவில் மொத்தம் 671 கோடி போயிருக்கும்.

அவ்வளவு தூரம் போகவும் விடமாட்டார்கள். மேசைக்கு உச்சவரம்பு உண்டு. அது 10,000 என்று வைத்துக்கொண்டால் ஏழு தோல்வியோடு கதை முடிந்தது, 12,700 காலி. ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தில் இது சராசரியாக 106 தொடக்கங்களில் ஒருமுறை நடக்கும். மற்ற 105-லும் நூறு நூறாகச் சேர்த்தது 10,500. கழித்துப் பாருங்கள்.

காரணம் ரொம்ப எளிது. ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தில் 37 எண்: சிவப்பு 18, கறுப்பு 18, எந்த நிறத்திலும் சேராத பூஜ்யம் ஒன்று. மேசையில் போகும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் காசினோவுக்குச் சராசரியாக 2.70 ரூபாய். எந்த வரிசையில் வைத்தாலும் வைத்த மொத்தத்தின் மேல்தான் இந்த வரி. அந்த 2,300 ரூபாய்க்கு 62 ரூபாய், லபூஷேரின் 8,800-க்கு 238. முறை மாறினால் தோற்கும் பாணிதான் மாறும்: மார்ட்டிங்கேல் அடிக்கடி கொஞ்சம் கொடுத்து ஒரே நாளில் அள்ளிக்கொள்ளும், பரோலி கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எப்போதாவது ஒருமுறை கொடுக்கும்.

இந்தப் பட்டியலில் கெல்லி சூத்திரத்தையும் சேர்ப்பார்கள். பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி 1956-இல் வெளியிட்டது. சீட்டு எண்ணி பிளாக்ஜாக் ஆடிய எட்வர்ட் தார்ப் பயன்படுத்தியது. வைத்த அளவே லாபம் தரும் பந்தயத்தில் நம் பக்கம் ஒரு சதவீதம் சாதகம் இருந்தால் கை முதலில் ஒரு சதவீதம் வை என்கிறது. ரூலட்டில் சாதகம் நம் பக்கம் இல்லை. அங்கே அது சொல்லும் தொகை பூஜ்யம்.

ஆடியே தீருவேன் என்பவர் முறையைவிட மேசையைத் தேர்ந்தெடுப்பது மேல். பூஜ்யம் விழுந்தால் பாதிப் பணத்தைத் திருப்பித் தரும் பிரெஞ்சு மேசையில் நூற்றுக்கு 1.35தான் போகும். இரட்டைப் பூஜ்யமுள்ள அமெரிக்கச் சக்கரத்தில் 5.26. லாஸ் வேகாஸில் மூன்று பூஜ்யச் சக்கரமே வந்துவிட்டது, அதில் 7.69. அதாவது அதே 2,300 ரூபாய்க்கு 31-இலிருந்து 177 வரை. மார்ட்டிங்கேலுக்கும் டி'அலம்பர்ட்டுக்கும் நடுவே இவ்வளவு வித்தியாசம் கிடையாது.

நண்பரிடம் அவர் ஆடிய சக்கரத்தில் எத்தனை பூஜ்யம் என்று கேட்டேன். "அதையெல்லாம் யார் பார்த்தா?" என்றார். நோட்டைப் புரட்டினேன். இரண்டாம் பக்கத்தில், அவர் கையெழுத்திலேயே, 00.