மாத்திரையா, ஜெல்லா? அக்காவுக்காகத் தேடிப் படித்தது

அக்காவுக்கு வயது 52, மாதவிடாய் நின்று இரண்டு வருஷம் ஆகிறது. ராத்திரி மூன்று மணிக்கு நைட்டி நனைந்துபோய் எழுந்து, ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை மருந்தாக எடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் அவள் என்னைக் கேட்டது, "இது சுகரை ஏத்திடுமாடி?"

ஏத்தாது. கொஞ்சம் இறக்குகிற பக்கம்தான். 2002இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்த டபிள்யூ.எச்.ஐ என்ற பெரிய ஆய்வு என்றால் மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும்தான் நினைவுக்கு வரும். அதே ஆய்வில் ஹார்மோன் எடுத்தவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 4.2 சதவீதம் பேருக்கும் புதிதாகச் சர்க்கரை நோய் வந்தது என்பதை யாரும் பேசுவதில்லை. அதற்காகச் சுகருக்கு மருந்தாக இதை யாரும் எழுதித் தருவதில்லை. அப்புறம் அந்தப் பெண்களின் சராசரி வயது 63, எடுத்ததும் மாத்திரை, அதுவும் சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்த ஈஸ்ட்ரோஜன். அதனால் அப்படியே அக்காவுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது.

சரி, மாத்திரையா ஜெல்லா? விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அவ்வளவு ஹார்மோனை ஒரே மூச்சில் பார்த்த கல்லீரல் ரத்தம் உறையவைக்கும் புரதங்களைக் கூடுதலாகச் செய்கிறது, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பையும் ஏற்றிவிடுகிறது. ஆனால் கெட்ட கொழுப்பைக் குறைத்து நல்ல கொழுப்பை ஏற்றுவதும் இதே வழிதான், அதில் மாத்திரை ஜெல்லை முந்திவிடும். தோலில் தடவுவதோ நேராக ரத்தத்தில் கலப்பதால் டிரைகிளிசரைடு ஏறுவதில்லை, ரத்தம் கட்டிக் குழாயை அடைக்கும் ஆபத்தும் பெரிதாகக் கூடுவதாகத் தெரியவில்லை (கண்காணிப்பு ஆய்வுகள் சொல்வது இது, மாத்திரையோடு நேருக்கு நேர் மோதவிட்ட பெரிய சோதனை அல்ல).

அக்காவின் ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு ஏற்கெனவே அதிகம், 260; ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு. நம் ஊரில் நிறையப் பேர் ரிப்போர்ட் இப்படித்தான் இருக்கும். அதனால் என் ஓட்டு ஜெல்லுக்கு, டாக்டரும் அதையே சொன்னார். மார்பகப் புற்றுநோயோ காலில் ரத்தக்கட்டோ முன்பே வந்தவர்களுக்கும், அறுபது தாண்டி முதல்முறையாகத் தொடங்க நினைப்பவர்களுக்கும் கணக்கே வேறு.

ஜெல்லில் தொல்லையும் உண்டு. தடவிக் காயவிட வேண்டும், தடவின கையோடு பேரனைத் தூக்கக் கூடாது. கர்ப்பப்பை இருப்பதால் அதன் உட்சுவரைக் காக்க ராத்திரி புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் மாத்திரை தனி. ஜெல் என்றால் மாத்திரையே கிடையாது என்று சந்தோஷப்பட்டவளுக்கு இது பெரிய ஏமாற்றம். ஆனால் அதைப் போட்டால் தூக்கம் வருகிறது என்கிறாள்.

நடுவில் அத்தான், "அப்போ எனக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி?" என்றார், ஆண் ஹார்மோனைச் சொல்கிறார். ஆஸ்திரேலியாவில் தொப்பை உள்ள 1,007 ஆண்களிடம் செய்த சோதனை 2021இல் வெளியானது: எடை குறைப்புத் திட்டத்தோடு இரண்டு வருஷம் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், திட்டம் மட்டும் பின்பற்றியவர்களில் 21. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சிவப்பணு கூடி ரத்தம் கெட்டியாகிவிட்டது. எடை குறைப்புத் திட்டம் இல்லாமல் ஜெல் மட்டும் கொடுத்த அமெரிக்கச் சோதனையில் சுகருக்குப் பலன் எதுவும் இல்லை. வாரம் 150 நிமிட நடையும் 7 சதவீத எடைக் குறைப்பும் அறுபது தாண்டியவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவதை 71 சதவீதம் குறைத்தது என்று ஒரு பழைய அமெரிக்கச் சோதனை உண்டு, அதையும் சொன்னேன். "முழங்கால் வலிக்குதும்மா" என்றார்.

அக்காவுக்கு மூன்று மாதம் கழித்துக் கொழுப்பு டெஸ்ட். ஃபேன் இப்போது மூன்றில் ஓடுகிறது.