ஸ்கானில் அகப்படாத கட்டி: கொழும்பில் செய்த சத்திரசிகிச்சை பற்றி

குஷிங் நோய்க்காக, மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியில் சத்திரசிகிச்சை செய்ய அக்காவைக் கிளிநொச்சியிலிருந்து கொழும்பிலுள்ள ஒரு வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றிருந்தோம். அங்கு கிடைத்த சேவையைப் பற்றி, இதே நோயோடு அலையும் வன்னிக் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

முகம் வட்டமாகி, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழுந்து, தேங்காய்த் திருவலையிலிருந்து எழும்பவே நிலத்தில் கையூன்ற வேண்டியிருந்த அக்காவை, முதலில் காட்டிய இடத்தில் எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் பார்த்துவிட்டு, கட்டி ஒன்றுமில்லை, சோற்றைக் குறையுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஓராண்டு அதிலேயே போயிற்று. கபச்சுரப்பிக் கட்டியொன்றால் உடலில் கோட்டிசோல் என்ற ஹோர்மோன் மிதமிஞ்சிச் சுரப்பதே குஷிங் நோய். அந்தக் கட்டி பெரும்பாலும் 10 மில்லிமீற்றரிலும் சிறியது; ஸ்கானில் தெரியாமற்போவது அபூர்வமல்ல.

கொழும்பு வைத்தியர்கள் படத்தை ஒதுக்கிவிட்டு இரத்தத்திலிருந்து தொடங்கினார்கள். இரவு 11 மணிக்கு சாதாரணமாகக் கோட்டிசோலை இறக்கும் டெக்சாமெதசோன் மருந்தை 1 மில்லிகிராம் கொடுத்தும் காலையில் கோட்டிசோல் இறங்கவில்லை. பிறகு இரு தொடை நாளங்கள் வழியாகக் குழாய் ஏற்றி, கபச்சுரப்பியின் இரத்தம் வடியும் நாளங்களிலிருந்தும் உடலின் வேறோர் நாளத்திலிருந்தும் ஒரே நேரத்தில் இரத்தம் எடுத்தார்கள். இடம், வலம் என்று எழுதி ஒட்டிய சிறு குழாய்களைப் பனிக்கட்டிக்குள் புதைத்து ஓட்டமும் நடையுமாக ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனதை வாசலில் நின்று கண்டேன். கோட்டிசோலைச் சுரக்கத் தூண்டும் ஏ.சி.ரி.எச். என்ற ஹோர்மோனின் அளவு, கபச்சுரப்பி நாளங்களில் மற்ற நாளத்தில் உள்ளதைப் போல, தூண்டல் ஊசிக்கு முன் 2 மடங்காவது, பின் 3 மடங்காவது இருந்தால் நோய் தொடங்கும் இடம் கபச்சுரப்பியே. ஆனால் எந்தப் பக்கம் என்பதில் இந்தப் பரிசோதனை தவறக்கூடும் என்பதையும் நிபுணர் மறைக்கவில்லை.

மூக்கு வழியாகச் சென்று சுரப்பியைக் கீறித் தேடுவோம், அகப்படாவிட்டால் ஒரு பகுதியையே அகற்ற நேரலாம், அப்போது வேறு ஹோர்மோன்களும் குறையலாம் என்று அவர் சொன்னபோது அம்மா அழுதுவிட்டார். எனக்கோ அந்த நேர்மைதான் நம்பிக்கை தந்தது. குறுணியளவில், பால்போல வெளுத்த கட்டி இடப்பக்கத்தில் அகப்பட்டது. மறுநாள் கோட்டிசோல் அடிமட்டத்துக்கு இறங்கியது நல்ல செய்தி என்றார்கள். அக்காவுக்கோ உடம்பெல்லாம் உளைவு.

தாதியர் கவனிப்பில் குறையில்லை, சிறுநீரைக்கூட ஒவ்வொரு முறையும் அளந்தார்கள். குறை வீட்டுக்குத் தந்த மருந்து அட்டையில்தான். கோட்டிசோலுக்கு ஈடாகக் கொடுக்கும் ஹைட்ரோகோட்டிசோன் குளிசையைத் திடீரென நிறுத்தக்கூடாது, காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும் என்ற உயிர்காக்கும் அறிவுரை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. தமிழ் தெரிந்த தாதியொருவரிடம் கேட்டு அட்டையின் பின்புறத்தில் நானே எழுதினேன்.

கிளினிக் நாளில் காலைக் குளிசை போடுமுன் இரத்தம் கொடுக்க வேண்டும். ஆகவே முதல்நாள் இரவு பஸ்ஸிலேயே புறப்படுங்கள், குளிசையைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.