பழைய மாருதி ஈகோ வாங்குமுன் சீட்டைத் தூக்கிப் பாருங்கள்

2010 ஜனவரியில் வந்த மாருதி ஈகோ வேனை வைத்திருப்பவர்கள் அடுக்கும் குறைகளில் பாதி, கொடுத்த விலைக்கேற்ற குறைகள்தான். பழைய வண்டிகளில் பவர் ஸ்டீரிங் இல்லை, ஏழு சீட் வண்டியில் ஏசி இல்லை, எஞ்சின் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது. இவை பழகிவிடும். மீதிப் பாதி பழகக் கூடாதவை. அவற்றில் பல, எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதாலும் மூக்கு குட்டையாக இருப்பதாலும் வருகின்றன. உள்ளே இவ்வளவு இடம் கிடைப்பதும் அதே அமைப்பால்தான்.

2016 மே மாதம், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு, ஏர்பேக் இல்லாத ஈகோவை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதிப் பார்த்தது. பெரியவர்கள் பாதுகாப்பில் கிடைத்தது பூஜ்ஜிய நட்சத்திரம். ஓட்டுநர் ஏர்பேக்கும், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் 2019-இல்தான் வந்தன, 6 ஏர்பேக் 2025-இல். ஆகவே 2019-க்கு முந்தைய வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், குடும்பத்தோடு நான்குவழிச் சாலையில் ஓட்ட அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. ஊருக்குள் 40, 50 வேகத்தில் ஓடுவது வேறு விஷயம். ஏர்பேக் உள்ள வண்டியில் முன்னால் இரும்பு பம்பர் மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். மோதலின் அதிர்ச்சி சென்சாரைச் சேரும் விதத்தை அது மாற்றிவிடும்.

அடுத்து ரீகால். 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை தயாரான எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகள் 87,599-ஐ மாருதி 2023 ஜூலையில் திரும்ப அழைத்தது. ஸ்டீரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் டை ராடின் ஒரு பாகம் அரிதாக உடையலாம், உடைந்தால் வண்டியைத் திருப்புவதும் கட்டுப்படுத்துவதும் பாதிக்கப்படும் என்பது காரணம். அதற்கு முன், 2022 டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை தயாரான 17,362 கார்களை, ஏர்பேக்கை இயக்கும் கன்ட்ரோலருக்காக அழைத்தார்கள். அதிலும் ஈகோ உண்டு. பாகத்தை மாற்றும்வரை ஓட்ட வேண்டாம் என்றே அப்போது சொன்னார்கள். இரண்டு வேலையும் இலவசம். இருந்தாலும் கை மாறிய வண்டிகளில் கடிதம் பழைய உரிமையாளர் முகவரிக்கே போயிருக்கும். ஆர்சி புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், அல்லது அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கொடுத்து, வேலை முடிந்ததற்கான பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

ரீகாலில் வராத வண்டிக்கும் டை ராடு சோதனை அவசியம். முன்பக்கம் ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கடிகாரத்தின் 9, 3 நிலைகளில் பிடித்து ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆட்டம் தெரிந்தால் டை ராடு அல்லது ஸ்டீரிங் ராக் தேய்ந்திருக்கிறது. 12, 6 நிலைகளில் ஆடினால் வீல் பேரிங், பால் ஜாயின்ட் பக்கம் பாருங்கள்.

தள்ளுகதவைப் பற்றி வரும் புகார்களை எளிதாக விட்டுவிட முடியாது. ரோலர் தேய்ந்ததும் கதவு பின்பக்கமாகத் தொங்கும். லாக்கும் அதன் கொக்கியும் நேருக்கு நேர் சேராமல், பாதிப் பிடியிலேயே நின்றுவிடும். பார்வைக்கு மூடியதுபோல இருக்கும், வளைவில் திரும்பும்போது திறந்துகொள்ளும். கதவை மூடியபின் வெளியிலிருந்து பின்பக்க விளிம்பை உள்ளே அழுத்திப் பாருங்கள். "டக்" என்று இன்னொரு சத்தம் வந்தால், முதல் தடவை அது முழுதாகப் பூட்டவில்லை. பக்கவாட்டுத் தண்டவாளத்தில் சேரும் மண்ணைத் துணியால் துடைத்தெடுத்து மெல்லிய கிரீஸ் மட்டும் தடவுங்கள். அப்பி வைத்தால் அடுத்த வாரமே மண் ஒட்டி, ரோலரை அரைத்துவிடும். தேய்ந்த ரோலரை மாற்றாமல் கொக்கியை மட்டும் நகர்த்தி வைப்பது நிற்காது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வண்டியென்றால் சைல்டு லாக் வேலை செய்கிறதா என்பதையும் பாருங்கள்.

கிளட்சை விடும்போதும் ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாறும்போதும் அடியில் "டங்" என்று அடித்தால் எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் (இணைப்பு மூட்டு) போயிருக்கும். செலவு பெரிதில்லை, தள்ளிப்போடாதீர்கள்.

ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் நடுவில். இரண்டையும் இணைக்கும் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) குழாய்கள் வண்டித் தளத்துக்கு அடியில் நீளமாக ஓடுகின்றன. கல்லடியும் துருவும் அவற்றுக்குத்தான். கூலன்ட் மாற்றும்போது காற்று அடைத்துக்கொண்டால் எஞ்சின் கொதிக்கும். அதனால் வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை பொறுத்து, ஆறியபின் அளவைச் சரிபார்க்க வேண்டும். சீட் வழக்கத்தைவிடச் சூடானால் உடனே ஓரம்கட்டுங்கள்.

இனி சீட்டைத் தூக்குங்கள். எஞ்சின் மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருந்தால் புகை உள்ளே வரும். கார்பன் மோனாக்ஸைடுக்கு மணம் கிடையாது, கண்ணாடி ஏற்றிய வண்டியில் தலைவலியும் தூக்கமுமாகத்தான் அது தெரியவரும். பெட்ரோல் ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தால் மாற்ற வேண்டும்.

சிஎன்ஜி வண்டியென்றால் சிலிண்டர் தகட்டில் கடைசி ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தத்தில் சிலிண்டரின் வலுவைப் பார்க்கும் சோதனை) தேதி இருக்கும். அது 3 ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டியது.

சமையல் சிலிண்டரில் ஓட்டிய வண்டி எல்லாவற்றிலும் கொடியது. வாகனத்துக்கென்றே உள்ள எல்பிஜி (திரவ எரிவாயு) டேங்கில் 80 சதவீதம் நிரம்பியதும் அடைத்துக்கொள்ளும் வால்வு உண்டு. வீட்டு சிலிண்டரிலிருந்து கள்ளத்தனமாக மாற்றும்போது அந்தக் காவல் ஏதும் இல்லை. கசிந்த எல்பிஜி காற்றைவிடக் கனமாதலால் தரையோடு தங்கும், பக்கத்திலேயே சூடான எஞ்சின். ஆர்சியில் பெட்ரோல் என்று மட்டும் இருந்து, பின் தரையில் அடைக்கப்பட்ட துளைகள், செம்புக் குழாயின் மிச்சம், எஞ்சினருகே வெட்டி ஒட்டிய ஒயர்கள் தென்பட்டால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.