25 கிலோ டிரம்மில் 12 கிலோ நாய்த் தீனி

காட்பாடி நண்பன் லேப்ரடார் குட்டி வாங்கியிருக்கிறான். "தீனியை மூட்டையா வாங்கினா விலை நல்லாக் குறையுதே, உன் டிரம் எப்படிடா இருக்கு?" என்று நேற்று போனில் கேட்டான். பதில் சொல்ல ஆரம்பித்து பாதியில் திட்டத் தொடங்கிவிட்டேன். அவன் கேட்டதற்குப் பொறுமையாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இது.

இரண்டு வருடம் முன்பு லாங்கு பஜாரில் வாங்கிய டிரம். மூடியில் ரப்பர் வாஷர், பக்கத்தில் இழுத்து மாட்டும் கிளிப். "25 கிலோ டிரம் சார்" என்றார் கடைக்காரர். என் மூட்டை 20 கிலோதானே, தாராளம் என்று வண்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். கொட்டினால் 12 கிலோவிலேயே விளிம்பு தட்டிவிட்டது. அவர் சொன்ன 25 கிலோ ஆரணி அரிசிக் கணக்கு! லிட்டருக்கு 800 கிராம் அளவில் அரிசி பிடிக்கும் இடத்தில், பொரி மாதிரி லேசான இந்தத் தீனி உருண்டை 400 கிராம்தான் பிடிக்கும். 20 கிலோவுக்கு 50 லிட்டர் டிரம் வேண்டும். இதை யாரும் மூடியில் எழுதுவதில்லை.

மீதி எட்டு கிலோவை மூட்டையிலேயே வாயைச் சுருட்டி, துணி கிளிப் போட்டு வைத்தேன். கத்திரி முடிவதற்குள் சமையலறை டியூப்லைட்டைச் சுற்றி அந்துப்பூச்சி. மூட்டையைப் பிரித்தால் உருண்டைகள் நூலாம்படையில் கோத்தது மாதிரி கொத்துக் கொத்தாக வருகின்றன, நடுவில் வெள்ளைப் புழு. அந்தப் புழு மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கடித்தே வெளியே வந்துவிடும். அம்மாவின் ரவை, கேழ்வரகு மாவு எல்லாம் குப்பைக்குப் போனது. அன்று வாங்கிய ஏச்சு இன்னும் தீரவில்லை.

அரிசிக்குப் போடுவதுபோல் காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் துணியில் கட்டிப் போட்டார் அம்மா. பூச்சி அசரவில்லை, நாய்தான் தும்மியது. பக்கத்து வீட்டுக்காரர் அரிசி மண்டியில் வைக்கிற மாத்திரை வாங்கித் தருவதாகச் சொன்னார். அது விஷவாயு விடுகிற சமாச்சாரம், வீட்டுக்குள் வைத்தால் ஆளையே கொன்றுவிடும். வேண்டவே வேண்டாம் என்றேன்.

அடுத்த மூட்டையில், இறுக்க மூடிய டிரம்முக்குள்ளேயே செவ்வண்டு. அப்போதுதான் உறைத்தது: வண்டின் முட்டை கடையிலிருந்தே மூட்டையோடு வந்திருக்கிறது. டிரம் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும், உள்ளே இருப்பதை என்ன செய்யும்? என் நாய் ஒரு மூட்டையை முடிக்க இரண்டு மாதம். வேலூர் வெயிலில் வண்டு முட்டையிலிருந்து வளர்ந்து நிற்க ஒரு மாதம் போதும்.

இப்போது மும்மூன்று கிலோவாக ஜிப் கவரில் போட்டு, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் நான்கைந்து நாள் வைக்கிறேன். முட்டை, புழு எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது, குளிர் முழுக்க விட்ட பிறகுதான். இல்லாவிட்டால் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். டிரம்மிலும் நேராகக் கொட்டுவதில்லை, கவரோடு இறக்குகிறேன். கொட்டினால் சுவரில் எண்ணெய் ஒட்டி, வெயிலில் சிக்கு வாடை அடிக்கிறது, எத்தனை முறை கழுவினாலும் போவதில்லை. 14 மாதமாக ஒரு பூச்சி இல்லை. வாஷர் இன்னும் தளரவில்லை, கிளிப்பும் உடையவில்லை. அந்தக் கிளிப் 'டக்'கென்று திறக்கும் சத்தத்துக்கு மொட்டைமாடியில் தூங்கும் நாய் நான்கே பாய்ச்சலில் கீழே வந்து நிற்கும். அதற்காகவே எனக்கு இந்த டிரம்மைப் பிடிக்கும்.

ஆனாலும் நண்பா, நீ வாங்காதே. மூட்டையும் வேண்டாம், டிரம்மும் வேண்டாம். மூன்று கிலோ பாக்கெட்டாக வாங்கு. மிச்சமாகும் காசை நான் ரவையிலும், ஐஸ்கிரீமுக்கு இடமில்லாத ஃப்ரீசரிலும் விட்டாயிற்று.

போனை வைத்த கையோடு பஜாருக்குப் போய் 50 லிட்டர் டிரம் விலை கேட்டேன். "40 கிலோ பிடிக்கும் சார்" என்றார்.