பேட்டரியும் டிரான்ஸ்ஃபார்மரும் இல்லாத இன்வெர்ட்டர்: பணகுடித் தோப்பில் பயன்படுத்திய அனுபவம்

பணகுடிக்குத் தெற்கே உள்ள தென்னந்தோப்பில், தொடராக இணைத்த சோலார் பேனல்களின் உயர் மின்னழுத்த நேர்மின்னோட்டத்தை (டிசி) நேரடியாக 230 வோல்ட் மாறுமின்னோட்டமாக (ஏசி) மாற்றி, 1 குதிரைத்திறன் ஒருமுனை மோட்டாரை ஓட்டும் சுற்று ஒன்றைச் செய்து சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். செய்யும்போது எல்லோரும் அஞ்சுவது ஐஜிபிடி பாலத்தை, அதாவது டிசியை ஏசியாக மாற்றும் வேகமான மின்னணு சுவிட்சுகளின் தொகுப்பைப் பற்றித்தான்; பயன்பாட்டில் கவனத்தைக் கேட்டதோ அதற்கு முன்னால் இருக்கும் டிசி பக்கம்.

எத்தனை பேனல்கள் என்பதிலேயே பாதி வடிவமைப்பு அடங்கிவிடுகிறது. 230 வோல்ட் ஏசியின் உச்சம் 325 வோல்ட் என்பதால், டிசி எந்நேரமும் அதற்கு மேல் இருந்தாக வேண்டும். 72 செல் பேனல் ஒன்று சுமையில் ஏறத்தாழ 37 வோல்ட் தருவதால் பத்துப் பேனல் போதும் என்று தாளில் தோன்றும். ஆனால் சித்திரை வெயிலில் பேனலின் சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது, டிகிரிக்கு 0.3 முதல் 0.4 சதவீதம் வீதம் அழுத்தம் இறங்கி, வெயில் மிகுந்த நண்பகலில்தான் 325 வோல்ட் எட்டாமல் ஏசி அலையின் தலை தட்டையாகும். ஆகவே பன்னிரண்டு பேனல்கள் வைத்தேன். சுமையில்லாதபோது 550 வோல்ட் வரை ஏறுவதால் 600 வோல்ட் ஐஜிபிடிகளை ஒதுக்கி 1200 வோல்ட் வகையைப் போட்டேன். ஐஜிபிடிகளைத் திறந்து மூடப் பலரும் பயன்படுத்தும் ஐஆர்2110 டிரைவர் சிப்பின் எல்லை 500 வோல்ட்தான் என்பதால், அதற்குப் பதிலாகத் தனித்தனி மின்வழங்கி கொண்ட, ஆணையை ஒளி வழியாகக் கடத்தும் டிரைவர்கள் வந்தன. குளிரில் பேனலின் அழுத்தம் ஏறும்; ஆனால் மார்கழி விடியலிலும் நம் பக்கத்துச் சமவெளியில் பெருங்குளிர் இல்லாததால் இந்தக் கணக்கு இதுவரை மீறப்படவில்லை.

பாலத்தின் வேகமான துடிப்புகளை மென்மையான ஏசி அலையாக்கும் வடிகட்டியில் 1.5 மில்லிஹென்றி சுருளும் 4.7 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டரும் உள்ளன. அவற்றின் ஒத்ததிர்வு அலைவெண் 1900 ஹெர்ட்ஸ் அளவில், ஏசியின் 50 ஹெர்ட்ஸுக்கும் ஐஜிபிடிகள் திறந்து மூடும் 20 கிலோஹெர்ட்ஸுக்கும் நடுவே விழுவதால் இந்தப் பகுதியைப் பிறகு தொடவே நேரவில்லை.

தேய்ந்தவை டிசி பக்கத்து எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். ஒருமுனை ஏசி எடுக்கும் ஆற்றல் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குவதை இவையே தாங்குகின்றன. சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இவற்றின் இயல்பு. தலை உப்பத் தொடங்கியதும் ஒருமுறை முழுவதையும் மாற்றிவிட்டேன். 1000 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இரண்டைத் தொடராக வைத்து, ஒவ்வொன்றுக்கும் இணையாக 47 கிலோ ஓம், 5 வாட் மின்தடை போட்டிருப்பதால் அழுத்தம் சமமாகப் பிரிகிறது, அணைத்த பின் மின்னூட்டமும் வடிகிறது. எனினும் ஐந்து நிமிடம் பொறுத்து, மீட்டரில் பார்த்த பிறகே பெட்டிக்குள் கைவைப்பேன்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று காற்றாலைகளுக்கு நல்லது, மின்விசிறி வைத்த பெட்டிக்கு நல்லதன்று. புழுதியை அள்ளி உள்ளே நிரப்பிவிடும். எனவே பெட்டியை முழுவதும் மூடி, சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்கை மட்டும் வெளியே, நிழல் விழும் சுவரில் விட்டேன். இதனால் பல்லியின் தொல்லையும் ஒழிந்தது. 500 வோல்ட் கம்பிகளுக்கிடையே ஒரு பல்லி புகுந்தால் பலகையே கருகிவிடும்.

பாதுகாப்பில் சிக்கனம் பார்க்கவே கூடாது. ஏசி மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் சுவிட்சில் எழும் பொறி தானே அணையும். டிசிக்கு அந்த இடைவெளி இல்லை. வீட்டில் தானே மின்னைத் துண்டிக்கும் சுவிட்சான எம்சிபியை இங்கே போட்டால் பொறி நின்று எரியும். டிசிக்கென்றே மதிப்பிட்ட துண்டிப்பு சுவிட்சும் (ஐசொலேட்டர்) சோலார் ஃபியூஸும் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததால் பேனல் பக்கமும் ஏசி பக்கமும் பிரிந்திருக்கவில்லை என்பதை மனத்தில் கொண்டு, பேனல் சட்டங்களை எர்த் செய்திருப்பதோடு, ஓடும்போது அவற்றைக் கழுவுவதையும் விலக்கியிருக்கிறேன்.

பேட்டரி இல்லாததன் விலை மேகத்தில் தெரியும். சாரல் காலத்தில் கருமேகம் கடந்தால் அழுத்தம் சரிந்து, குறை அழுத்தக் காப்பு மோட்டாரை நிறுத்திவிடும். வெயில் நன்றாக ஏறாமல் மோட்டார் எடுக்காது. கிணற்றிலிருந்து தொட்டிக்கு ஏற்றி வைப்பதால் தோப்புக்கு இது குறையாகப் படவில்லை. வீட்டு விளக்குக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மும்முனை மோட்டார் வைத்திருப்பவர்கள் இந்தச் சுற்றை முயல்வதைவிடக் கடையில் கிடைக்கும் சோலார் பம்பு டிரைவை வாங்குவதே நல்லது. அது மேகம் வந்தால் நிற்காமல் அலைவெண்ணைக் குறைத்து மெதுவாகவாவது ஓடும்.