லாடமா, வெறுங்குளம்பா: தாண்டும் குதிரைக்கு எது பொருந்தும்?

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஜூலை மாதக் காலையில், என் குதிரை டிராட்டில், அதாவது மிதமான ஓட்டத்தில், ஓடும்போது தலையை ஆட்டத் தொடங்கினாள். இடது முன்னங்கால் தரையில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் தலை எழும்பியது. வலது கால் ஊன்றும்போது தாழ்ந்தது. முன்னங்கால் நொண்டலைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய அடையாளம் இல்லை. வலிக்கிற காலில் பாரம் விழாமலிருக்கக் குதிரை தலையைத் தூக்கிக்கொள்ளும்.

அவள் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த தரோபிரெட். நம் ஊரில் ஷோ ஜம்பிங் (குதிரையில் தடை தாண்டும் போட்டி) கற்கிறவர்கள் பலர் இப்படிப்பட்ட குதிரைகளில்தான் தொடங்குகிறோம். மெல்லிய குளம்புச் சுவர், குளம்புக்கு அடியில் தட்டையான அடித்தளம், முன்நுனி நீண்டு பின்பக்கக் குதி தாழும் போக்கு ஆகிய மூன்றும் இந்த இனத்தில் அதிகம். கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு மணல் களத்தில் ஒரு மீட்டர் உயரம் வரை தாண்டிக்கொண்டிருந்தாள். நான்கு காலிலும் இரும்பு லாடம். நொண்டலுக்குப் பிறகு எனக்கு இரண்டு வழிகள் இருந்தன: லாடத்தைத் திருத்திக் கட்டித் தொடரலாம், அல்லது கழற்றிவிட்டு வெறுங்குளம்போடு வைத்து, கரடான தரையில் மட்டும் ரப்பர் காலணி மாட்டலாம். நான் கழற்றினேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லாடம் கட்டிய குதிரை அன்றைக்கே ஜல்லியிலும் தார்ச்சாலையிலும் தயங்காமல் நடக்கும். லாடம் கழற்றிய குதிரைக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். குளம்புக் காலணி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், விலையும் அதிகம். ஆனால் லாடக் கூலி மிச்சமாகிறது. செலவைப் பார்த்து நான் முடிவெடுக்கவில்லை.

முடிவெடுக்க வைத்தது நாள்கணக்கு. குளம்புச் சுவர் மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. வெறுங்குளம்பு மணலிலும் மண்ணிலும் உரசி, வளர்வதில் ஒரு பங்கைத் தானே தேய்த்துக்கொள்ளும். லாடத்தின் மேல் நிற்கும் குளம்பின் நுனி தரையைத் தொடுவதே இல்லை. ஆணி இறுகியிருப்பதால் இரும்பின் மேலும் அது உரசுவதில்லை. குதிப்பகுதியோ ஒவ்வொரு அடியிலும் சற்றே விரிந்து சுருங்குவதால் இரும்பில் உரசித் தேய்கிறது. ஆகவே லாடம் கட்டிய நாள் முதல் நுனி நீள, குதி தாழ, குளம்பின் கோணம் மெல்லச் சரிகிறது. நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் கழற்றிச் சீவி மறுபடி கட்டினால் கேடில்லை. அதைத் தாண்டினால், நீண்ட நுனி ஒரு நெம்புகோலாகிறது. காலின் பின்புறமாக இறங்கி, குளம்பின் பின்பகுதியில் இருக்கும் நேவிகுலர் என்ற சிறு எலும்பின் அடியாக வளைந்து, குளம்புக்குள் இருக்கும் எலும்பில் முடிகிற ஆழ்தசைநாண் ஒவ்வொரு அடியிலும் கூடுதலாக இழுபடுகிறது. தாண்டி இறங்கும் கணத்தில் அந்த இழுவை இன்னும் கூடும்.

இதுதான் எங்களுக்கு நடந்தது. லாடம் கட்டுபவர்கள் பந்தயத் திடல்களைச் சுற்றியே இருக்கிறார்கள்; எங்களுக்கு வருபவர் பெங்களூரிலிருந்து வர வேண்டும். நல்ல கைத்திறன் உள்ளவர், அவர் மேல் எனக்குக் குறையில்லை. ஒரு முறை வேலை மிகுதியால் இரண்டு வாரம் தள்ளினார். அடுத்த முறை அவர் வந்தபோது ஒன்பதாவது வாரம். அவர் வந்துபோன பத்தாவது நாள் அவள் தலையாட்டினாள். கால்நடை மருத்துவர் குதிப்பகுதிக்குப் போகும் நரம்பை ஊசியால் மரத்துப்போகச் செய்தார். சில நிமிடங்களில் தலையாட்டம் நின்றது. வலி குளம்பின் பின்பாதியில்தான் என்பது உறுதியானது. எக்ஸ்ரேயில் எலும்பில் கேடில்லை. நுனி நீண்டு, குதி நசுங்கிக் கிடந்தது. “எலும்பு தப்பியது உங்கள் அதிர்ஷ்டம். அடுத்த முறையும் ஒன்பது வாரம் ஆனால் நான் பொறுப்பில்லை” என்றார்.

லாடக்காரர் தவறாமல் வருகிற லாயங்களில் லாடம் நல்ல வழிதான். வரமாட்டார் என்ற நிலையில், லாடம் கட்டிய காலுக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆணியடித்த இரும்பை என்னால் கழற்றிச் சீவிக் கட்ட முடியாது. வெறுங்குளம்பை ஒரு அரத்தால் நானே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சுவரின் விளிம்பை மட்டும் உருட்டிவிட முடியும். பெரிய திருத்தம் அவர் வேலை. இடைப்பட்ட நாள்களைக் காப்பது என் கையில். இந்த ஒரு காரணத்துக்காகவே லாடத்தைக் கழற்றினேன்.

முதல் ஆறு வாரம் மணலில் நடை மட்டும். லாயத்திலிருந்து களத்துக்குப் போகும் ஜல்லிப் பாதையில், உள்ளே நுரைத்தகடு வைத்த காலணி. மூன்றாம் மாதம் காலை மடியில் வைத்துப் பார்த்தபோது, மயிர்க்கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்குப் புதிய சுவர் இறங்கியிருந்தது. பழைய சுவரைவிடச் செங்குத்தாக, மினுமினுப்பாக, இரண்டுக்கும் நடுவில் வளையல் போன்ற ஒரு கோடு. அந்தக் கோடு மாதாமாதம் கீழே இறங்கியது. நுனியில் ஒரு சுவர் முழுதாகப் புதிதாக ஒன்பது மாதம் முதல் ஓராண்டு ஆகும். அவளுக்குப் பதினொரு மாதம் ஆனது. அடியில் இருக்கும் முக்கோண மெத்தை, நாங்கள் ஃபிராக் என்றே சொல்வது, முன்பு பெருவிரல் அகலம்தான் இருந்தது. இப்போது மூன்று விரல் அகலம், தொட்டால் ரப்பர் மாதிரி. காலை ஊன்றும்போது குதிதான் முதலில் படுகிறது.

தீவனத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் வெல்லம் கொடுக்கும் பழக்கத்தை நிறுத்தினேன். பார்லியைக் குறைத்து, ஊறவைத்த கொள்ளையும் புல்லையும் கூட்டினேன். சர்க்கரையும் மாவுச்சத்தும் மிகுந்தால் குளம்பின் உள்தகடுகள் வீங்கும். லாடம் அந்த நோவைக் கொஞ்ச காலம் மறைக்கும், வெறுங்குளம்பு உடனே காட்டிக்கொடுக்கும். நாளுக்கு 20 மில்லிகிராம் பயோட்டின் என்ற வைட்டமினும் கொடுக்கிறேன். சில மாதங்கள் விடாமல் கொடுத்தால்தான் பலன் தெரியும். தினமும் காலையில் கணுவுக்குப் பின்னால் இரண்டு விரல் வைத்து நாடி பார்க்கிறேன். நல்ல காலில் அது தேடினால்தான் கிடைக்கும். துள்ளித் தெறித்தால் அன்று வேலை கிடையாது.

மழைக்காலத்தில் சிரமம் உண்டு. அக்டோபர், நவம்பரில் குளம்பின் அடித்தளம் ஊறி மெத்தென்றாகிவிடும். சென்ற ஆண்டு இரண்டு வாரம் மறுபடி காலணிக்குப் போனோம். ஃபிராக்கின் பள்ளத்தில் கறுப்பாக, நாற்றத்தோடு அழுகல் வருவது லாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தரையை உலர்வாக வைப்பதுதான் மருந்து.

டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில், ஷோ ஜம்பிங் அணிப் போட்டியில் தங்கம் வென்ற சுவீடன் அணியின் மூன்று குதிரைகளில் இரண்டு லாடம் இல்லாமல் தாண்டின: பீடர் ஃபிரெட்ரிக்சனின் ஆல் இன், ஹென்ரிக் வான் எக்கர்மனின் கிங் எட்வர்ட். 2022இல் கிங் எட்வர்ட் உலகப் பட்டத்தையும் வென்றது. வெறுங்குளம்பால் உயரம் தாண்ட முடியாது என்ற பேச்சுக்கு அதுவே பதில். ஆனால் அந்தக் குதிரைகளுக்குப் பின்னால் தேர்ந்த ஒரு குழு இருக்கிறது. அதை நம் லாயத்துக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

ஈரப் புல்வெளியில் வேகமாகத் திரும்ப வேண்டிய கிராஸ் கன்ட்ரிக்கு, அதாவது திறந்தவெளியில் தடை தாண்டி ஓடும் போட்டிக்கு, லாடமே மேல். அதில் திருகிப் பொருத்தும் குமிழ்கள் தரும் பிடிப்பு வெறுங்குளம்புக்குக் கிடைக்காது. குளம்புச் சுவர் ஆழமாகப் பிளந்திருந்தால், உள்ளெலும்பு முறிந்திருந்தால், மருத்துவ லாடத்தை நானே கட்டச் சொல்வேன். ஒரு மீட்டருக்கு மேல் நான் தாண்டியதில்லை, நீண்ட தூர எண்டூரன்ஸ் ஓட்டியதுமில்லை. அவற்றுக்கு என் சொல்லை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

எங்கள் லாயத்தில் இன்னொரு தரோபிரெட் இருக்கிறான். அவனுக்கு முன்னங்கால் லாடத்தை இன்னும் கழற்றவில்லை. அடித்தளம் மிக மெல்லியது. கட்டைவிரலால் அழுத்தினாலே காலை இழுத்துக்கொள்கிறான். மழை விட்டுத் தரை காய்ந்ததும் ஜனவரியில் எக்ஸ்ரே எடுத்து, அடித்தளத்தின் கனத்தை அளந்து பார்க்கப்போகிறோம். அதுவரை பெங்களூர் பயணச் செலவை முன்கூட்டியே கொடுத்து, ஐந்து வாரத்துக்கு ஒரு நாள் குறித்து வைத்திருக்கிறேன்.