மரக் கிண்ணம் கடையக் கற்க ஆசைப்படுகிறவர்கள் கவனத்துக்கு: என் 42,000 ரூபாய் போன கதை

எனக்கு லேத் விற்ற கடைக்காரர்கள் நேற்று இரவோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். அதனால்தான் இந்தப் பதிவு. கோபம் தணிவதற்குள் எழுதிவிட வேண்டும். லேத், அதாவது கட்டையைச் சுழற்றிக் கடையும் இயந்திரம், வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

இடத்தின் பெயரைப் போடவில்லை. பாண்டிச்சேரியில் இருக்கிறது. மரவேலை இயந்திரங்கள் விற்கிறார்கள், வார இறுதியில் வகுப்பும் எடுக்கிறார்கள். "லேத், உளி செட், பயிற்சி எல்லாம் ஒரே பேக்கேஜ்" என்று விளம்பரம். எனக்குக் கடலூர், மஞ்சக்குப்பம். கிண்ணம் கடையக் கற்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பக்கத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. கட்டில் கால், கைப்பிடிக் கம்பு கடைகிறவர்கள் உண்டு, கிண்ணம் வேறு வேலை. சரி என்று பஸ் ஏறிப் போனேன்.

நான் நம்பிய அந்த நிமிடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாளை உங்களுக்கும் அதைத்தான் காட்டுவார்கள். உரிமையாளர் பேச்சை நீட்டவே இல்லை. ஒரு பூவரசங்கட்டையை எடுத்து லேத்தில் மாட்டினார். நல்ல கனமான இயந்திரம், சத்தமே இல்லை. உளியைத் தாங்கியில் வைத்து மெல்லச் சாய்த்தார், சீவல் இடியாப்பம் மாதிரி இழை இழையாக வந்து அவர் முழங்கையில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னக் கிண்ணம். உப்புத்தாள் போடாமலேயே வழவழவென்று இருந்தது. அதை என் கையில் கொடுத்து, "வீட்ல அம்மாகிட்ட காட்டுங்க தம்பி. ரெண்டு மாசத்துல இதைவிட நல்லா நீங்களே கடைவீங்க" என்றார். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். இவ்வளவு தொழில் தெரிந்த மனுஷர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்?

இயந்திரம் 27,000, உளி செட் 9,000, பயிற்சி 6,000. மொத்தம் 42,000. ஜிபேயில் அங்கேயே அனுப்பினேன். "ஜிஎஸ்டி பில் டெலிவரியோட வரும்" என்றார்கள். இன்று வரை வரவில்லை.

வந்தது அவர் கடைந்து காட்டிய இயந்திரமே அல்ல. பெயின்ட் நிறம் மட்டும் அதேதான். கட்டையைச் சுழற்றும் மெயின் தண்டைக் கையால் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடுகிறது. கட்டையை இரு பக்கமும் பிடிக்கும் கூர்முனைகளையும் நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று தொட வேண்டும். இதில் கண்ணுக்குத் தெரியும்படி விலகி நிற்கின்றன. 10 அங்குலக் கட்டையை, அதுவும் இன்னும் வட்டமாகாத கட்டையை, நிமிடத்துக்கு 500 சுற்றுக்குக் கீழே தொடங்குவதுதான் பாதுகாப்பு. இந்த இயந்திரத்தின் ஆகக் குறைந்த வேகமே 1,100. மாட்டி சுவிட்சைப் போட்டால் மேஜையே நடக்கிறது.

"நல்லாக் காய்ஞ்ச கட்டை" என்று கொடுத்ததும் பச்சை மரம். மேலே மெழுகு பூசியிருந்ததால் தெரியவில்லை. நடுவில் குருத்தோடு அறுத்த துண்டு, அது வெடிக்காமல் என்ன செய்யும்? வெடித்துவிட்டது.

இதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். உயிரோடு விளையாடியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நடந்த ஒரே ஒரு வகுப்பில், பயிற்சி கொடுத்தவர் செட்டிலிருந்த பெரிய ரஃபிங் உளியை, அதாவது கரடுமுரடான கட்டையை முதலில் உருட்டும் உளியை, காட்டி, "கிண்ணத்துக்கு முதல்ல இதாலதான் உடைக்கணும்" என்றார். வீட்டில் அப்படியே செய்தேன். கட்டை உளியைப் பிடித்து இழுத்தது, டக் என்று ஒரு சத்தம். கைப்பிடி மட்டும் என் கையில் இருக்கிறது. இரும்பு காதோரமாகப் பறந்து போய்க் கதவில் பட்டது. முகக் கவசம் போட்டிருந்தேன், அம்மா அந்தப் பக்கம் நிற்கவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அந்த உளி நீளவாக்கில் கடைகிற கம்பு வேலைக்கு உரியது. கைப்பிடிக்குள் போகிற அதன் வால் தட்டையாக, ஒல்லியாக இருக்கும். கிண்ணக் கட்டையில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை மரத்தின் வெட்டுமுகம், அதாவது நார்களின் முனை, எதிரே வரும். அந்த இழுப்பை இந்த வால் தாங்காது. அதனால் கிண்ணத்தில் இதை வைக்கவே கூடாது. கிண்ண உளி என்பது உருண்டைக் கம்பியில் குடைந்தது, அடி வரை ஒரே தடிமன். ஆரம்பப் பாடத்தில் முதலில் சொல்ல வேண்டிய விஷயம் இது. காசு வாங்கிக்கொண்டு இதை மாற்றிச் சொல்லிக் கொடுக்கிறார்கள்!

உடைந்ததைத் திருப்பாதிரிப்புலியூரில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். மிச்ச உளிகளைச் சாணைக்கல்லில் வைத்தார். வெள்ளையாக, பூப்பூவாகப் பொறி சிதறியது. "சூடு தாங்குற ஹைஸ்பீடு ஸ்டீல்னா மங்கலா, சிவப்பாத்தான் தம்பி பொறி வரும். இது சாதா கார்பன் இரும்பு. சூடாகி நீலம் பாஞ்சா முனை செத்துடும்" என்றார். உளி ஒவ்வொன்றிலும் ஹைஸ்பீடு என்று முத்திரை குத்தியிருக்கிறது. 9,000 ரூபாய்க்கு இந்தச் செட்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. "சார் டூர்ல இருக்கார்." "கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கோம்." "வகுப்பு அடுத்த வாரம், மாஸ்டருக்கு உடம்பு சரியில்ல." நேரில் போனால் டீ வாங்கிக் கொடுத்து, "ரெண்டே நாள் தம்பி" என்கிறார்கள். உளி உடைந்த படத்தை அனுப்பியதும் பேச்சு மாறியது. நான்தான் தப்பாகப் பிடித்தேனாம். அவர்கள் ஆள் சொன்னபடி பிடித்ததற்கு! கடைசியில், "கேஸ் போடணும்னா பாண்டிச்சேரிக்குத்தான் வரணும், நீங்க தமிழ்நாடு, பாத்துக்குங்க" என்றார் அதே உரிமையாளர், அதே பொறுமையான குரலில். 42,000 ரூபாயை வாங்கிக்கொண்டு மிரட்டல்.

அது பச்சைப் பொய். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நான் கடலூரிலேயே கொடுக்கப் போகிறேன். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் போன் செய்து பதிவு செய்துவிட்டேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை நடுங்குகிறது, இப்போதைக்கு இவ்வளவுதான். கடையில் ஓடுகிற இயந்திரத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள், உங்களுக்கு வரப்போகிற இயந்திரத்தின் சீரியல் நம்பரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். தண்டை ஆட்டிப் பாருங்கள், கூர்முனைகளைச் சேர்த்துப் பாருங்கள், குறைந்த வேகம் என்ன என்று கேளுங்கள். உளியைச் சாணையில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ரஃபிங் உளியைக் கிண்ணத்தில் வைக்கச் சொல்கிற இடத்திலிருந்து உடனே வெளியே வந்துவிடுங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

இதே பேக்கேஜுக்குப் பணம் கட்டியவர்கள் வேறு யாராவது இருந்தால் ஜிபே விவரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். புகார் மனு இந்த வாரமே போகிறது.